'விலைபோய்விட்டார்கள்': ராக் இசையில் அசல் எது, வேஷம் எது என்ற சண்டையின் பின்னணி

2025 ஜூனில் ஸ்பாடிஃபையில் 'தி வெல்வெட் சன்டவுன்' என்றொரு ராக் குழு புதிதாக முளைத்தது. 1970களின் மென்மையான ராக் பாணியில் பாட்டுகள். அடுத்தடுத்து ஆல்பங்கள். சில வாரங்களில் மாதாந்திரக் கேட்பாளர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. நான்கு இளைஞர்கள் நிற்பதுபோல் படமும் இருந்தது, ஆனால் அவர்களை மேடையில் பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. டீசர் என்ற இன்னொரு இசைத் தளம் இந்தப் பாட்டுகளை செயற்கை நுண்ணறிவால் ஆனவை என்று குறியிட்டது. ஜூலையில் குழுவின் சொந்தப் பக்கத்திலேயே, மனித வழிகாட்டலோடு செயற்கை நுண்ணறிவு செய்த இசை இது என்று எழுதிவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்த விவாதம் பலரைக் குழப்பியது. பாட்டு காதுக்கு நன்றாக இருந்தால் போதாதா என்று ஒரு தரப்பு கேட்டது. எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றது இன்னொரு தரப்பு. தொழில்நுட்பம் புதிது, ஆனால் சண்டை புதிதல்ல. ராக் இசையில் இது 60 வருடமாக நடக்கிறது. ஒரு குழு பிரபலமானால் போதும், முதலில் கொண்டாடிய ரசிகர்களே 'விலைபோய்விட்டார்கள்' என்று சொல்லத் தொடங்குவார்கள். மற்ற இசை வகைகளில் இவ்வளவு தீவிரமாகக் கேட்கப்படாத இந்தக் கேள்வி ராக்கில் மட்டும் ஏன் உயிர்ப்பிரச்சினை ஆகிறது?

இதை விளக்க மிகப் பொருத்தமான உதாரணம், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1988 முதல் 1994 வரை நடந்த கதை. நிர்வாணா குழுவின் கதை என்று சொன்னாலும் சரிதான். அதற்கு முன் அடிப்படைகள் சில.

மூன்று சொற்கள்

1. அசல்தன்மை. பாடுகிறவர் தன் அனுபவத்திலிருந்து, தன் விருப்பப்படி, தன் திறமையால் பாடுகிறார் என்ற நம்பிக்கை. இது இசையை அளந்து கண்டுபிடிக்கிற பொருளாக இல்லை. கேட்பவர் மனதில் உருவாகும் ஒரு தீர்ப்பு.

2. பிம்பம். உடை, தலைமுடி, ஆல்பத்தின் அட்டை, புகைப்படம், பேட்டியில் பேசும் விதம் எல்லாம் சேர்ந்து ஒரு குழுவைப் பற்றித் தரும் சித்திரம். மேக்கப் போட்டுக்கொள்வது மட்டும் பிம்பம் என்று பலர் நினைக்கிறார்கள். கிழிந்த ஜீன்ஸும் பிம்பம்தான்.

3. வெகுஜனப் புகழ். இது அளக்கப்படும் ஒன்று, அளக்கும் முறை மாறினால் இதுவும் மாறும். அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகையின் ஆல்பம் பட்டியல், 1991 மே மாதம் வரை, கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்ன தகவலை வைத்துத் தயாரானது. கடைக்காரரின் விருப்பு வெறுப்பும் ரெக்கார்ட் நிறுவனங்களின் செல்வாக்கும் அதில் கலந்திருந்தன. அந்த மாதம் சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. பில் போடும்போது ஸ்கேன் ஆகும் பார்கோடிலிருந்து நேரடி எண்ணிக்கை. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடம் போனது. ஓரத்தில் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த இசைக்கு அங்கே எவ்வளவு வாங்குபவர்கள் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நிர்வாணாவின் வெற்றியைப் பேசும் பலர் இந்தக் கணக்கு மாற்றத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

ராக்கில் மட்டும் ஏன் இந்தக் கேள்வி?

ராக், தன் மரியாதையை நாட்டுப்புற இசையிலிருந்தும் கறுப்பின மக்களின் ப்ளூஸிலிருந்தும் எடுத்துக்கொண்டது. இரண்டிலும் 'இது மக்களின் குரல், சந்தைக்காகச் செய்த சரக்கு இல்லை' என்ற நம்பிக்கை ஊறியிருந்தது. 1960களின் நடுவில் அந்த நம்பிக்கை ஒரு விதியாகவே ஆனது: நல்ல ராக் குழு தன் பாட்டைத் தானே எழுதும், தன் கருவியைத் தானே வாசிக்கும்.

இந்த நம்பிக்கையின் தொடக்கத்திலேயே ஒரு பொய் கலந்திருக்கிறது. ப்ளூஸ், நாட்டுப்புறப் பாடகர் லெட் பெல்லியை 1933-ல் லூசியானாவின் அங்கோலா சிறையில் கண்டெடுத்து ஒலிப்பதிவு செய்தவர் ஜான் லோமாக்ஸ். விடுதலைக்குப் பின் அவரை நியூயார்க் மேடைகளுக்கு அழைத்துப்போனார்கள். லெட் பெல்லிக்குப் பிடித்தது நேர்த்தியான சூட். ஆனால் வெள்ளையர் பார்வையாளர்களுக்கு 'அசல்' லெட் பெல்லி தேவைப்பட்டார், அதனால் உழைப்பாளி உடையிலும் கைதி உடையிலும் அவரைக் காட்டினார்கள். அவர் விரும்பி அணிந்த உடை போலியாகவும், அணிவிக்கப்பட்ட உடை அசலாகவும் கருதப்பட்டன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கலைஞன் எப்படி இருந்தால் உண்மையானவன் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவனிடம் இருக்கவில்லை.

நாட்டுப்புறப் பாடகராகப் பெயர் பெற்ற பாப் டிலனின் கதை பலருக்கும் தெரிந்தது. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்தார், கூச்சல் எழுந்தது. 1966 மே மாதம் மான்செஸ்டரில் கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்!' என்று கத்தினார். ராபர்ட் ஸிம்மர்மன் என்ற இளைஞன் பெயரையும் பேச்சையும் மாற்றிக்கொண்டு டிலன் ஆனதை அதே ரசிகர்கள் துரோகமாகக் கருதவில்லை.

மங்கீஸ் குழுவை டிலன் அளவுக்கு மதித்துப் பேசுவதில்லை, பேச வேண்டும். 1966-ல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஆள் தேர்வு செய்து சேர்த்த குழு அது. ஆரம்பகால ஆல்பங்களில் வாசித்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஸ்டுடியோ கலைஞர்கள். ஆனால் அந்த நால்வரும் சண்டை போட்டார்கள். இசைப் பொறுப்பில் இருந்த டான் கிர்ஷ்னர் 1967 தொடக்கத்தில் வெளியேற்றப்பட்டார். அந்த ஆண்டு மே மாதம் வந்த ஆல்பத்தைப் பெரும்பாலும் அவர்களே வாசித்தார்கள். பிம்பத்தில் அவர்கள் போலி. ஆனால் முடிவெடுக்கும் உரிமைக்காகப் போராடிய விஷயத்தில், அன்றைய பல 'அசல்' குழுக்களைவிட அவர்கள் ஒரு படி மேல்.

நான் இந்தக் கட்டுரையில் வலியுறுத்துவதும் இதைத்தான். பாடகரின் நெஞ்சுக்குள் எட்டிப்பார்த்து உண்மையா பொய்யா என்று தேடுவதால் பயனில்லை, அங்கே யாராலும் போக முடியாது. முடிவுகள் யார் கையில் இருந்தன என்று கேட்டால் விடை கிடைக்கும், ஆதாரமும் கிடைக்கும்.

ஒரே சொல்லில் மூன்று எதிர்பார்ப்பு

இசை ஆய்வாளர் ஆலன் மூர் 2002-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டியது. அசல்தன்மை இசைக்குள் பதிந்து கிடப்பதில்லை, கேட்பவர் அதற்கு வழங்குகிறார் என்பது அவர் வாதம். அப்படி வழங்கும்போது நாம் மூன்றில் ஏதோ ஒன்றைச் சொல்கிறோம்:

1. இவர் தன்னைப் பற்றிய உண்மையைப் பாடுகிறார்.
2. இவர் என் வாழ்க்கையைப் பாடுகிறார்.
3. தனக்கு முன்னால் இருந்த ஒரு மரபை இவர் நேர்மையாக எடுத்துச் செல்கிறார்.

வெல்வெட் சன்டவுன் விவாதத்தை இதில் வைத்துப் பாருங்கள். முதலாவது முழுப் பொய், அங்கே 'தன்னை' என்று சொல்ல ஆளே இல்லை. மூன்றாவதும் நிற்காது. இரண்டாவது மட்டும் சிலருக்கு நிஜமாக நடந்திருக்கலாம். அந்தப் பாட்டைக் கேட்டு ஒருவர் தன் பழைய நாட்களை நினைத்திருந்தால் அந்த நினைவு போலி ஆகாது. அவர் மனம் நெகிழ்ந்ததும் உண்மை, ஏமாற்றப்பட்டதும் உண்மை. அதனால்தான் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மறுக்க முடியாமல் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தன.

சரி, இனி சியாட்டில்.

ஏழ்மையும் ஒரு பிம்பம்: சப் பாப் செய்த வேலை

கிரஞ்ச் என்பது பங்க் இசையின் கரடுமுரடும் ஹெவி மெட்டலின் கனமும் சேர்ந்த ஒரு பாணி. சியாட்டிலில் அதை உலகத்துக்கு விற்றது சப் பாப் என்ற சிறு லேபிள், அதாவது ரெக்கார்ட் நிறுவனம். ப்ரூஸ் பாவிட், ஜொனாத்தன் போன்மன் என்ற இருவர் அதை நடத்தினார்கள். வணிக நிறுவனங்களை வெறுக்கும் இசையை அவர்கள் வணிக சாமர்த்தியத்தோடு முன்வைத்தார்கள்:

1. சார்ல்ஸ் பீட்டர்சன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். வியர்வை, பறக்கும் முடி, கலங்கிய உருவம். வெவ்வேறு குழுக்களின் ரெக்கார்டுகள் ஒரே குடும்பம்போல் தெரிந்தன.
2. 1989-ல் மெலடி மேக்கர் என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகையின் எவரெட் ட்ரூவைத் தங்கள் செலவில் சியாட்டிலுக்கு வரவழைத்தார்கள். உள்ளூரில் மதிப்பு வருவதற்கு முன்னால் லண்டனில் பெயர் கிடைத்தது.
3. 'தோற்றவன்' என்ற பொருள்தரும் ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் பெரிதாக அச்சிட்ட டி-ஷர்ட்.
4. எண் குறித்த குறைந்த பிரதிகள். நிர்வாணாவின் முதல் சிங்கிள், 1988 நவம்பரில், 1,000 பிரதிகள்.

நிர்வாணாவின் முதல் ஆல்பம் 1989-ல் வந்தது. ஒலிப்பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். ஆல்பத்தின் பின்னட்டையிலேயே '600 டாலருக்குப் பதிவானது' என்று அச்சிட்டிருந்தார்கள். குறைந்த செலவு என்பது அவர்களின் நிலைமை. அதை அட்டையில் போட்டது விளம்பரம். பணம் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். அட்டைப்படத்தில் அவர் இருக்கிறார், கிட்டார் வாசித்ததாகப் பெயரும் இருக்கிறது, ஆனால் அந்த ஆல்பத்தில் அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை.

இதைச் சொல்வது அவர்களைப் போலி என்று காட்டுவதற்காக இல்லை. அந்த ஆல்பம் நல்ல ஆல்பம், அந்த வறுமையும் நிஜம். புகழ் வருவதற்கு முன் ஒரு குழு பிம்பமே இல்லாமல் சுத்தமாக இருந்தது, பெரிய நிறுவனம் வந்துதான் பிம்பத்தை ஒட்டியது என்ற கதை தவறு. பிம்பம் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதைச் செய்தவர்களும் அதைப் பார்த்துக் கொண்டாடியவர்களும் ஒரே கூட்டமாக இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கூட்டம் மாறியபோது

மேஜர் லேபிள் என்றால் அன்று உலக இசை விற்பனையில் பெரும்பங்கு வைத்திருந்த ஆறு நிறுவனங்களும் அவற்றின் கிளைகளும். மற்றவை இண்டி. நிர்வாணா 1991-ல் கெஃபன் நிறுவனத்தின் கிளையான டி.ஜி.சி.க்கு மாறியது. சப் பாப் அப்போது திவாலாகும் நிலையில் இருந்தது. நிர்வாணாவை விடுவிப்பதற்காகக் கிடைத்த பணமும் பிறகு விற்பனையில் வந்த பங்கும்தான் அதைக் காப்பாற்றின. இண்டி உலகத்தின் தூய்மைக்கு மேஜரின் காசு உயிர் கொடுத்தது என்பது அந்த வரலாற்றின் ஒரு பகுதி. 1995-ல் வார்னர் நிறுவனம் சப் பாப்பின் 49 சதவீதத்தை வாங்கியது.

இரண்டாவது ஆல்பம் 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பர் 24-ல் வந்தது. அமெரிக்காவில் முதல் தவணையாகச் சுமார் 46,000 பிரதிகள் அனுப்பினார்கள். இரண்டரை லட்சம் விற்றால் நல்லது என்பதுதான் நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. 1992 ஜனவரி 11 தேதியிட்ட பட்டியலில் அது மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடம் பிடித்தது.

தயாரிப்பாளர் புட்ச் விக் குரலையும் கிட்டாரையும் அடுக்கடுக்காகப் பதிந்தார். ஆண்டி வாலஸ் செய்த மிக்ஸிங் (பதிந்த ஒலிகளைக் கலந்து சமன் செய்யும் வேலை) அதை வானொலிக்கு ஏற்ற பளபளப்பாக ஆக்கியது. நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் அந்த மிக்ஸிங்கை முதலில் ஏற்றுக்கொண்டார். பிறகு, அந்த ஒலியைப் பற்றி வெட்கப்படுவதாகவும், அது பங்க் ரெக்கார்டைவிட மாட்லி க்ரூ குழுவின் ரெக்கார்டுக்குத்தான் நெருக்கம் என்றும் சொன்னார். மாட்லி க்ரூ என்றால் ஸ்ப்ரே அடித்த முடியும் தோலுடையுமாக 80களில் பணம் குவித்த மெட்டல் குழு.

ஒலியைவிட அவரை அதிகம் வதைத்தது கூட்டம். பள்ளியில் தன்னை அடித்துத் துன்புறுத்திய மாதிரி ஆட்களே இப்போது முன்வரிசையில் நின்று தன் பாட்டைப் பாடுகிறார்கள் என்று அவர் கண்டார். 1992 டிசம்பரில் வந்த தொகுப்பு ஆல்பத்தின் உறையில், ஓரினச்சேர்க்கையாளர்களையும் பெண்களையும் வேறு நிறத்தவரையும் வெறுப்பவர்கள் எங்கள் ரெக்கார்டை வாங்க வேண்டாம், நிகழ்ச்சிக்கும் வர வேண்டாம் என்று எழுதினார். வாங்குகிறவரைப் பார்த்து வாங்காதே என்று சொல்வது விற்பனைத் தொழிலில் அபூர்வம். எதிர்ப்பு எல்லாமே பிம்பம்தான் என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு இந்த உறை ஒரு நல்ல பதில்.

இன்னொரு எதிர்ப்புக்கு வேறு கதி நேர்ந்தது. 1992 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் அட்டைப்படத்துக்கு, நிறுவனப் பத்திரிகைகள் இன்னும் மட்டம்தான் என்று எழுதிய டி-ஷர்ட்டோடு வந்து நின்றார். பத்திரிகை தயங்கவே இல்லை, அப்படியே போட்டது. இன்றுவரை அதன் மிகப் பிரபலமான அட்டைகளில் அது ஒன்று. தன்னை எதிர்ப்பவரையும் சரக்காக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் வெகுஜனச் சந்தைக்கு உண்டு. மேலே சொன்ன உறைக்குறிப்பை அப்படிச் சரக்காக்குவது கடினம், டி-ஷர்ட்டை ஆக்குவது எளிது.

ஃபிளானல் சட்டையின் பயணம்

அமெரிக்காவின் வடமேற்கு மூலை குளிரும் மழையுமான இடம், மரம் வெட்டும் தொழில் நடந்த இடம். கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை அங்கே பழைய துணிக்கடையில் மலிவாகக் கிடைக்கும். கதகதப்பாக இருக்கும், அதனால் போட்டார்கள். 1992 நவம்பரில் பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக மார்க் ஜேகப்ஸ் வடிவமைத்த ஆடை அணிவகுப்பில் அதே கட்டம் பட்டுத்துணியில் வந்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள், அவருக்கு வேலை போனது.

அதே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கிரஞ்ச் பற்றி ஒரு நீண்ட கட்டுரை போட்டது, கூடவே சியாட்டில் இளைஞர்களின் 'ரகசியச் சொற்கள்' என்று ஒரு பட்டியலும். பட்டியலைத் தொலைபேசியில் கொடுத்தவர் முன்பு சப் பாப்பில் வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர். கேட்கக் கேட்க அவர் அந்த நிமிடமே சொற்களை இட்டுக்கட்டிச் சொன்னார். ஒன்றுகூட நிஜம் இல்லை, நாளிதழ் சரிபார்க்கவும் இல்லை. 'தி பாஃப்லர்' என்ற சிறு பத்திரிகை பிறகு அதை அம்பலப்படுத்தியது. ஜாஸ்பர் பின்னாளில் சப் பாப்பின் தலைமை நிர்வாகி ஆனார்.

2018-ல் மார்க் ஜேகப்ஸ் மறுபடியும் கிரஞ்ச் ஆடைகளை வெளியிட்டபோது, நிர்வாணாவின் உரிமைகளை வைத்திருக்கும் நிறுவனம், குழுவின் பெருக்கல் குறிக் கண் சிரிப்பு முகச் சின்னத்தை நகலெடுத்ததாக வழக்குப் போட்டது. வழக்கின் நடுவில், சின்னத்தை வரைந்தது நான் என்று கெஃபனில் கலை இயக்குநராக இருந்த ராபர்ட் ஃபிஷர் உரிமை கோரினார். கோபேன் வரைந்தது என்றுதான் உலகம் நம்பியிருந்தது. 2023-ல் நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. 2024-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. நம் ஊர் நடைபாதைக் கடைகளில் தொங்கும் அந்த மஞ்சள் முகத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

கணக்கைப் பார்த்தால்

'விலைபோவது' என்கிறோமே, என்ன விலை? இதை எண்களில் எழுதியவர் ஸ்டீவ் ஆல்பினி. கிட்டார் கலைஞர், சிகாகோவின் ஒலிப்பதிவாளர். 1993-ல் அதே 'தி பாஃப்லர்' இதழில், மேஜர் லேபிளில் சேரும் ஒரு கற்பனைக் குழுவின் வரவு செலவைப் போட்டுக் காட்டினார். அதைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்.

1. முன்பணம் என்பது சம்பளம் இல்லை, குழுவின் தலையில் ஏறும் கடன். ஒலிப்பதிவுச் செலவு, வீடியோவில் ஒரு பகுதி, சுற்றுப்பயண உதவி எல்லாம் அதில் சேரும்.
2. ராயல்டி என்பது விற்பனையில் குழுவுக்கு வரும் சிறு சதவீதம். முன்பணம் அடையும்வரை அந்த ராயல்டி குழுவின் கைக்கு வராது.

அவருடைய கணக்கில் அந்தக் குழு இரண்டரை லட்சம் பிரதி விற்கிறது. பெரும்பாலான குழுக்கள் கனவு காணும் எண்ணிக்கை. ரெக்கார்ட் நிறுவனத்துக்கு 7,10,000 டாலர். தயாரிப்பாளருக்கு 90,000. மேலாளருக்கு 51,000. குழுவில் ஒவ்வொருவருக்கும் 4,031 டாலர் 25 சென்ட். ராயல்டிக் கணக்கில் குழு இன்னும் 14,000 டாலர் பாக்கி வைத்திருக்கிறது. ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்திருந்தால் இதைப்போல் மூன்று மடங்கு கிடைத்திருக்கும் என்றார்.

இந்தக் கணக்கு தெரிந்தபின் 'பணத்துக்காக விலைபோனார்கள்' என்ற வசை எவ்வளவு பொருத்தமில்லாதது என்று புரியும். பெரும்பாலான குழுக்கள் விற்றுவிட்டதாகச் சொல்லப்படும் பொருளுக்கு விலையே பெறவில்லை. அவர்கள் இழந்தது, அடுத்த ஆல்பம் எப்படி ஒலிக்க வேண்டும், எப்போது வர வேண்டும் என்று சொல்லும் உரிமையை.

அந்த ஆல்பினியைத்தான் நிர்வாணா மூன்றாவது ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்தது. 1993 பிப்ரவரியில் மினசோட்டாவில் பதிவு நடந்தது. வழக்கமாகத் தயாரிப்பாளர் கேட்கும் விற்பனைப் பங்கை ஆல்பினி மறுத்துவிட்டார். 1,00,000 டாலர் ஒரே தொகை, அதற்குமேல் ஒரு சென்ட் வேண்டாம் என்றார். பல லட்சம் விற்கும் என்று தெரிந்தே விட்டுக்கொடுத்தது அது. தான் எழுதியபடி நடந்துகாட்டிய மனிதர் என்பதால் அவர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு. 2024 மே மாதம் காலமானார்.

பதிவு முடிந்ததும் தகராறு. நிறுவனத்துக்கு ஆல்பம் பிடிக்கவில்லை என்ற செய்தி ஏப்ரலில் சிகாகோ ட்ரிப்யூனில் வந்தது. நிறுவனம் தங்களை வற்புறுத்தவில்லை என்று குழு மறுத்தது. கடைசியில் இரண்டு பாட்டுகளை ஸ்காட் லிட் மறுமிக்ஸ் செய்தார். கோபேனுக்கே குரலும் பேஸ் கிட்டாரும் போதுமான அளவு கேட்கவில்லை என்ற குறை இருந்தது. ஆக, இது நிறுவனத்தின் அழுத்தமா, கலைஞரின் தேர்வா? இரண்டும் கலந்தது என்பதே நியாயமான பதில். செப்டம்பரில் வந்த ஆல்பம் நேராக முதலிடத்தில் நுழைந்தது.

அதன்பின் நடந்த ஒன்று, தூய்மைவாதிகளுக்கு மிகவும் சங்கடமானது. வால்மார்ட், கேமார்ட் என்ற பெரும் கடைத்தொடர்கள் ஆல்பத்தின் பின்னட்டைப் படத்தையும் ஒரு பாட்டின் தலைப்பையும் காரணமாகச் சொல்லி அதை விற்க மறுத்தன. 1994 மார்ச்சில் படத்தைத் திருத்தி, தலைப்பை மாற்றி, வேறொரு பதிப்பை அனுப்பினார்கள். இதைவிட அப்பட்டமான சரணாகதி உண்டா என்று தோன்றும். ஆனால் குழுவின் தரப்பில் சொன்ன காரணம் யோசிக்க வைக்கிறது: கோபேன் வளர்ந்த அபர்டீன் என்ற சிறு ஊரில் ரெக்கார்ட் வாங்க அந்த மாதிரிக் கடைகளைத் தவிர வேறு வழி கிடையாது. சியாட்டிலில் இருப்பவனுக்கு இண்டி கடை பக்கத்திலேயே இருக்கும். அபர்டீன் மாதிரி ஊரில் இருக்கும் பையனுக்கு வெகுஜனக் கடைதான் ஒரே வாசல். பிரபலமாவதே துரோகம் என்று சொல்பவர்கள், நகரத்தில் வசதியோடு இருந்துகொண்டு சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறைத்து வைத்த ஆம்ப்

1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்டிவியின் 'அன்ப்ளக்ட்' நிகழ்ச்சிக்காக நிர்வாணா வாசித்தது. மின்கருவி இல்லாமல், ஒப்பனை இல்லாமல், வெறும் பாட்டு என்பது அந்த நிகழ்ச்சியின் அடையாளம். கோபேன் தன் அக்கூஸ்டிக் கிட்டாரை ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் மின்கருவி) வழியாகத்தான் வாசிப்பேன் என்றார். தயாரிப்பாளர் அலெக்ஸ் கொலெட்டி, ஆம்ப் கண்ணில் படாதபடி மேடை ஸ்பீக்கர்போல் தெரியும் ஒரு பெட்டியைச் செய்து அதை மறைத்தார். அசல்தன்மையைக் காட்டும் நிகழ்ச்சிக்கு ஒரு பொய்ப்பெட்டி தேவைப்பட்டது. ஆனால் வேறு பக்கமும் இருக்கிறது. பிரபலப் பாட்டுகளைப் பெரும்பாலும் தவிர்த்தார், தனக்குப் பிடித்த, அதிகம் பேர் அறியாத குழுவினரை மேடைக்கு அழைத்தார், கடைசியாக லெட் பெல்லி பாடிய பழைய பாட்டைப் பாடினார். எதைப் பாடுவது, யாரோடு பாடுவது என்ற முடிவு அன்று அவர் கையில் இருந்தது. அந்தக் குரலில் கேட்கும் உண்மைக்கும் ஆம்பை மறைத்ததற்கும் சம்பந்தமில்லை.

ஐந்து மாதத்துக்குள், 1994 ஏப்ரலில், 27 வயதில் கோபேன் தற்கொலை செய்துகொண்டார். ரசிகர்களிடம் உற்சாகமாக இருப்பதுபோல் நடிப்பதுதான் பெரிய குற்றம் என்று கடைசிக் குறிப்பில் எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, 'அசலாக இருந்ததால் இறந்தார்' என்று ஒரு கதை உருவானது. இதை நான் முழுதாக எதிர்க்கிறேன். அவருக்கு மன அழுத்தம் இருந்தது, தீராத வயிற்றுவலி இருந்தது, ஹெராயின் பழக்கம் இருந்தது. இவை நோய்கள். ஒரு நோயாளியின் மரணத்தைக் கலை நேர்மைக்குச் சான்றிதழாக மாற்றுவதைவிட மோசமான பிம்ப வியாபாரம் கிடையாது.

புகழை வைத்து என்ன செய்தார்கள்?

வெகுஜனப் புகழை எதிர்கொண்டதில் மற்றவர்கள் வேறு வழிகளில் போனார்கள்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் தெருவில் இருந்த பங்க் அரங்கம், மேஜர் லேபிளில் சேர்ந்த குழுக்களை மேடையேற்றுவதில்லை என்று விதி வைத்திருந்தது. அங்கேயே வளர்ந்த கிரீன் டே குழுவுக்கு, மேஜர் லேபிளில் சேர்ந்ததும் கதவு மூடியது. கடுமையான விதிதான். ஆனால் தன்னார்வலர்கள் நடத்தும் ஓர் இடம் தன் முடிவைத் தானே எடுத்தது என்பதால் அதை நான் மதிக்கிறேன். 2015-ல் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக கிரீன் டே மீண்டும் அங்கே வாசித்தது.

சியாட்டிலின் இன்னொரு குழுவான பேர்ல் ஜாமின் கதை இன்னும் பயனுள்ளது. கோபேனே ஒரு காலத்தில் அவர்களை வணிகக் குழு என்று இகழ்ந்தார். 1993 அக்டோபரில் வந்த அவர்களின் இரண்டாவது ஆல்பம் முதல் வாரத்தில் சுமார் 9,50,000 பிரதிகள் விற்றது. அதற்கு ஒரு வீடியோகூட எடுக்கவில்லை, எம்டிவி யுகத்தில் அது பெரிய மறுப்பு. அடுத்து டிக்கெட் விலையைக் கையில் எடுத்தார்கள். டிக்கெட் 18 டாலர், சேவைக் கட்டணம் 1 டாலர் 80 சென்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் ஒப்பவில்லை. பெரிய அரங்குகள் பலவற்றோடு அதற்குத் தனியுரிமை ஒப்பந்தம் இருந்ததால் வேறு வழியில் டிக்கெட் விற்கவும் முடியவில்லை. 1994 மே மாதம் குழு அமெரிக்க நீதித்துறையிடம் புகார் கொடுத்தது. ஜூன் 30 அன்று குழுவின் ஸ்டோன் காஸர்டும் ஜெஃப் அமென்ட்டும் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். அந்தக் கோடைச் சுற்றுப்பயணம் ரத்தானது. 1995 ஜூலையில் நீதித்துறை விசாரணையை நடவடிக்கை இல்லாமல் முடித்துக்கொண்டது. குழு சில வருடங்களில் டிக்கெட்மாஸ்டர் அரங்குகளுக்கே திரும்ப வேண்டியிருந்தது.

தோல்விதான். ஆனால் 1,000 பிரதி விற்கும் ஒரு குழு இந்தப் புகாரைக் கொடுத்திருந்தால் யாரும் கூப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். வெகுஜனப் புகழ் இருந்ததால்தான் அவர்களால் அந்த மேசை முன் உட்கார முடிந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை டிக்கெட்மாஸ்டர் மீதும் அதன் தாய் நிறுவனமான லைவ் நேஷன் மீதும் ஏகபோக வழக்குத் தொடுத்தபோது, அரங்குகளோடு போடும் நீண்டகாலத் தனியுரிமை ஒப்பந்தங்கள் அந்த மனுவில் முக்கியக் குற்றச்சாட்டாக இருந்தன.